தடங்கலார் வாங்கிய புகார்கள்

காரைக்காலில் ஒரே ஒரு மனிதர் வாங்கிய வசவுகளை மட்டும் சேர்த்துக் கொட்டினால் அரசலாறு கரை புரளும். அவர் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்தவர் இல்லை. பார்க்கில் இருந்த நகராட்சி ரேடியோவைச் சாயங்காலம் போடுவார், இரவானதும் அணைப்பார். அவ்வளவுதான் அவர் உத்தியோகம். ஆனால் ரேடியோவில் எவர் எதைச் சொன்னாலும், பாடினாலும், தும்மினாலும், எங்கள் ஊரைப் பொறுத்தவரை பொறுப்பாளி அவர்தான்.

போன வாரம் என் வீட்டில் தொலைக்காட்சியில் ஒரு விருது விழா பார்த்தார்கள். முடிந்ததும் மருமகள் திட்டினாள், பேரன் திட்டினான், சும்மா வந்து உட்கார்ந்த பக்கத்து வீட்டுக்காரரும் திட்டினார். வேண்டியவனுக்கே கொடுத்துவிட்டான், பாதி நேரம் விளம்பரம், நல்லா நடித்தவனை மேடைக்கே கூப்பிடவில்லை. திட்டி முடித்ததும் ஆளாளுக்குப் படுக்கப் போய்விட்டார்கள். இவ்வளவு திட்டும் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? சுவருக்கு. எனக்கு அது பெரிய விரயமாகப் பட்டது. ஐம்பதுகளில் எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. திட்டை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அவர் மேரியின் தண்டோராக்காரர். நகர்மன்றத்தை நாங்கள் மேரி என்றுதான் சொல்வோம். வரி, அம்மை குத்துவது, மாட்டைக் கட்டிப் போடுவது என்று மேரி சொல்வதையெல்லாம் தெருத்தெருவாகத் தட்டிச் சொல்வார். தட்டி முடித்ததும் போய்விட மாட்டார். தெருக்கோடியில் நிற்பார். ஜனங்கள் வந்து, இந்த வரி அநியாயம், அந்த உத்தரவு பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு போய் மேரியில் ஒப்பிப்பார். சேதி சொன்னவனே பதிலையும் வாங்கிப் போக வேண்டும் என்பது அவர் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. சர்ச் மணி, பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி இந்த மூன்றில் எது கேட்டாலும் தண்டோரா நின்றுவிடும். அது ஓய்ந்த பிறகுதான் மறுபடி தட்டுவார்.

பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். பார்க்கில் ஒரு சிறிய அறை கட்டி, ரேடியோ வைத்து, வெளியே கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரும் மாட்டினார்கள். தண்டோராவுக்கு வேலை இல்லாமல் போனதால் இவரையே ரேடியோவுக்குப் போட்டார்கள். இவர் இரண்டு சட்டங்களையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

பார்க்குக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல். சர்ச்சும் கோயிலும் கூப்பிடு தூரம். இதனால் எங்கள் சாயங்கால நிகழ்ச்சியில் மூன்று ஓட்டை விழும். சர்ச் மணிக்கு ஓர் ஓட்டை, அந்திநேர மஃரிபு பாங்குக்கு ஓர் ஓட்டை, கோயிலின் சாயரட்சை மணிக்கு ஓர் ஓட்டை. ஒவ்வொரு முறையும் ரேடியோவை அமர்த்திவிட்டு, அறை வாசலுக்கு வந்து நின்று, ரேடியோக்காரர்கள் போலவே, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று கை கூப்புவார். அதிலிருந்து அவர் தடங்கலார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் கொடுத்தவர்களுக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த ஓட்டைகள் எங்களுக்குப் பழகிவிட்டன. ரேடியோ நாடகத்தில் கதாநாயகிக்குக் கல்யாணம் பேசுவார்கள், ஓட்டை விழும், மறுபடி கேட்டால் அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். நடுவில் நடந்ததை நாங்களே ஊகித்துக்கொள்வோம். பெரும்பாலும் எங்கள் ஊகம் ரேடியோ நிலையத்தாரின் கதையைவிட நன்றாக இருக்கும்.

இரவு ரேடியோவை அமர்த்தியதும் வெளியே ஒரு முக்காலி போட்டு உட்காருவார். குறை கேட்கும் நேரம். நான் அப்போது நெல் மண்டியில் குமாஸ்தா. வேலை முடிந்து வீட்டுக்குப் போவதற்கு முன் இதைக் கேட்பதற்காகவே அங்கே நிற்பேன்.

"நேத்துப் பாடுன பாகவதருக்குத் தொண்டை கட்டிருக்கு. சுக்கு வெந்நி வச்சுக் குடிக்கச் சொல்லுங்க" என்பார் ஒருவர்.

"சொல்லிடுறேங்க."

காரைக்கால்மேட்டுக்காரர் ஒருவர் வருவார். "புயல் அடிக்கும், கடலுக்குப் போவாதன்னீங்க. ஒரு காத்தும் இல்ல. பொழப்பு போச்சு."

"தப்புதாங்க. இனிமே பாத்துச் சொல்லச் சொல்றேன்."

வாழ்க்கையில் அவர் ஒரு புயலையும் முன்னறிவித்தவர் இல்லை. ஆனாலும் தலை குனிந்து வாங்கிக்கொள்வார். "சொல்லிடுறேன்" என்று அவர் சொல்வது எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் விசாரித்ததில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் தஞ்சாவூரில் ஒரு நாடகப் போட்டி நடந்தது. கருக்களாச்சேரி மீனவர்களின் நாடகக் குழுவும் போயிருந்தது. அந்தக் குழுவுக்கு உயிர் செல்வராசு என்ற பையன். பையன் என்றால் இருபத்து நான்கு வயது, பாய்மரம் மாதிரி தோள். அந்தத் தோளை ரவிக்கைக்குள் எப்படித்தான் ஒளிப்பானோ, பெண் வேஷம் கட்டி மேடையேறினால் பெண்ணேதான். ஒரு தடவை அவன் மேடையில் புருஷனை இழந்து அழுதபோது, முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து போய் அவனைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதாள். நாடகம் கால் மணி நேரம் நின்றது.

செல்வராசுக்கு ஒரு முறைப்பெண் உண்டு. கோட்டுச்சேரிமேட்டில் இருந்த தாய்மாமன் வேலாயுதத்தின் மகள் அஞ்சலை. இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை. ஆனால் வேலாயுதத்துக்குப் பெண் வேஷம் என்றால் ஆகாது.

"பொடவை கட்டுறவனுக்கு எம்பொண்ணக் குடுத்தா, ஊருல யாரு மாப்ள யாரு பொண்ணுன்னு கேப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையனின் தாயார், அதாவது அவர் அக்கா, அழுது கேட்ட பிறகு கொஞ்சம் இறங்கினார். "சரிக்கா. அவன் கெட்டிக்காரன்னு தஞ்சாவூர்க்காரன் சொல்லட்டும். ரேடியோவுல பேரு வரட்டும். எங்காதால கேக்கறேன். அப்பறம் பாப்போம்."

பரிசளிப்பு விழாவை ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்பப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று பார்க்கில் கால் வைக்க இடமில்லை. கருக்களாச்சேரியே திரண்டு வந்திருந்தது. வேலாயுதம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்பீக்கருக்கு நேர் கீழே, ஒரு வார்த்தையும் தப்பாதபடி காதைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விழா தொடங்கியது. தலைவர் பேசினார். கலை என்றால் என்ன என்றார். கலைஞன் என்றால் யார் என்றார். பிறகு மறுபடி கலைக்கு வந்தார். வரவேற்றவர் தலைவரைப் புகழ்ந்தார், தலைவர் வரவேற்றவரைப் புகழ்ந்தார். சர்ச் மணி அடித்தது, தடங்கலார் ரேடியோவை அமர்த்தினார், மறுபடி போட்டபோதும் அவர்கள் புகழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் ஒன்றையும் இழக்கவில்லை. கடைசியில், "இனி பரிசுகள்" என்று ஒரு குரல் சொன்னது. பார்க் மூச்சைப் பிடித்தது. அந்த நேரம் பாங்கு சொன்னார்கள். தடங்கலார் அமர்த்தினார்.

எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பீடிக்கடைக்காரர் பதற்றப்பட்டவர்களிடம் சொன்னார்: "பொம்பள வேசத்துக்கெல்லாம் கடைசிலதாம்பா குடுப்பான். முக்கியமானதக் கடைசிலதான் வைப்பான். சும்மா இரிங்க."

பாங்கு முடிந்து ரேடியோ உயிர் பெற்றபோது கதாநாயகர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வில்லன், பிறகு நகைச்சுவை, பிறகு திரை வரைந்தவர், விளக்குப் பிடித்தவர். செல்வராசு பெயர் வரவில்லை. நன்றி சொன்னார்கள். நன்றியும் நீளம்.

வேலாயுதம் எழுந்து வேட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "கேட்டாச்சு. பேரு வரல. பேச்சு முடிஞ்சுது" என்றார். அக்கா கையைப் பிடித்தும் நிற்காமல் போய்விட்டார்.

அன்று இரவு தடங்கலார் வாங்கியதுபோல் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். முக்காலியைச் சுற்றி ஊரே நின்றது.

"தஞ்சாவூரான் தஞ்சாவூரானுக்கே குடுத்துக்கிட்டான். நாங்க என்னா பிரெஞ்சு தேசமா?"

"அந்தத் தலைவரு மூச்சு விட்டாரா இல்லியா?"

"விளக்குப் புடிச்சவனுக்குப் பரிசு. எங்க புள்ள அழுத அழுகைக்கு ஒன்னுமில்லியா?"

"ரெண்டு பாட்டாவது போட்டிருக்கலாம். வாழ்த்துரைய யாரு கேட்டா?"

ஒவ்வொருவருக்கும், "சொல்லிடுறேங்க, கண்டிப்பாச் சொல்லிடுறேங்க" என்றார். எல்லோரும் போன பிறகும் அவர் முகம் தொங்கியபடியே இருந்தது. ஏதோ தன் கையாலேயே பரிசை மாற்றிக் கொடுத்துவிட்டவர்போல உட்கார்ந்திருந்தார். உண்மை ஏறக்குறைய அதுதான் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுநாள் செல்வராசு ரயிலில் வந்து இறங்கினான். அவனை ஆறுதல் சொல்லி அழைத்துவர ஸ்டேஷனுக்கு ஒரு கூட்டம் போயிருந்தது. தடங்கலாரும் வந்திருந்தார். அவன் வண்டியிலிருந்து காலை எடுத்து வைப்பதற்குள் பீடிக்கடை நானா கட்டிக்கொண்டார்.

"மனசத் தளர விடாதடா தம்பி. பரிசு என்னா பரிசு? அவனுவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

"நானா, நான் வந்து..."

"ஒன்னும் சொல்லாத. எங்களுக்கெல்லாம் தெரியும்."

"இல்ல நானா, எனக்கு..."

"அழுவாத. அடுத்த வருசம் பாத்துக்குவோம்."

அவன் பேசிப் பார்த்து முடியாமல், பையைத் திறந்து புடவைக்குள் சுற்றியிருந்த வெள்ளிக் கோப்பையை எடுத்து நானாவின் கையில் கொடுத்துவிட்டான்.

நானா அதைப் புரட்டிப் பார்த்தார். "யாரோடது இது?"

"எனக்குக் குடுத்தது. மொதல்லயே எம்பேரத்தான் கூப்பிட்டாங்க. நீங்க யாரும் கேக்கலியா?"

கூட்டம் முழுக்கத் தடங்கலார் பக்கம் திரும்பியது. அவர் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லோருமாகக் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனோம். வேலாயுதம் கோப்பையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"கப்பு கடைல விக்கிது" என்றார்.

பாங்குக்காக ரேடியோவை அமர்த்தியபோது பெயர் போய்விட்டது என்று தடங்கலாரே கை கூப்பிச் சொன்னார். வேலாயுதம் சிரித்தார்.

"அம்மாம் நேரம் ஓடுன ரேடியோ, சரியா எம்மருமவன் பேரு வரயில அமந்துச்சாக்கும். எல்லாரும் சேந்து எங்காதுல பூ வைக்க வந்திருக்கீங்க. கேளுங்க, வெள்ளிக்கெழம காரைக்கால்மேட்டுலேருந்து அஞ்சலைக்குப் பூ வைக்க வராங்க. அதுக்குள்ள ரேடியோவுல பேரு வந்தா எங்கிட்ட வாங்க. வரலன்னா விட்டுடுங்க."

அஞ்சலை உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் விசும்பியது வாசல் வரை கேட்டது. தடங்கலார் அதைக் கேட்டார். திரும்பும் வழியில், "நாளைக்குத் திருச்சிக்கு வண்டி எத்தன மணிக்கு?" என்று என்னைக் கேட்டார். நிலையம் திருச்சியில் இருந்தது. மண்டி வேலையாக ஒரு வியாபாரியைப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

நிலையத்தில் ஓர் அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். "குறை ஏதாவது இருந்தா எழுதி அனுப்பலாமே, எதுக்கு இவ்வளவு தூரம்?" என்றார்.

"எழுதுற வழக்கமில்லீங்க. ஊரு சொன்னத நேருலதான் சொல்லணும்" என்று தடங்கலார் எழுந்து நின்றுகொண்டார். கண்ணை மூடினார். ஆரம்பித்தார்.

"பாகவதருக்குத் தொண்டை கட்டிருக்கு, சுக்கு வெந்நி குடிக்கச் சொன்னாங்க. அது மார்கழில சொன்னது. இப்ப சரியாயிருந்தா விட்டுடுங்க. புயல் வருதுன்னீங்க, வரல, காரைக்கால்மேட்டுல பொழப்புப் போச்சு. பயிருக்குப் போடச் சொன்ன உரம் எங்க ஊரு கடைல கெடைக்கல. நாடகத்துல மாமியாரா வர்ற அம்மா ரொம்பக் கொடுமைக்காரியா இருக்காங்க, கொஞ்சம் கொறைச்சுக்கச் சொன்னாங்க..."

ரேடியோ வந்த நாளிலிருந்து முக்காலியில் உட்கார்ந்து வாங்கிய அத்தனையும் வரிசையாக வந்தது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்பது உட்பட. அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் காப்பி வரவழைத்தார். காப்பி ஆறியது. அந்த மனிதர் எங்களுக்கு ஆறுதலுக்காக எதுவும் சொன்னதில்லை, வாங்கியதையெல்லாம் மனசிலேயே சுமந்திருக்கிறார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியாகப் பரிசளிப்பு விழாக் குறைகளைச் சொன்னார். தலைவரின் மூச்சையும் விட்டுவிடவில்லை. பிறகு குரல் இறங்கி, செல்வராசு கதையைச் சொன்னார். "அது உங்க தப்பு இல்லீங்க. என்னோடது. அந்தப் பேர மட்டும் இன்னொரு தரம் சொல்லிட்டீங்கன்னா ஒரு பொண்ணு பொழைச்சுக்கும்."

அதிகாரி யோசித்தார். "வியாழக்கிழமை நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்ற நிகழ்ச்சி இருக்கு. அதுல சொல்லிடறோம்" என்றார்.

"எந்நேரத்துலங்க?"

அதிகாரி சொன்ன நேரத்தைக் கேட்டதும் தடங்கலார் முகம் மாறியது. ரயிலில் திரும்பும்போது மாயவரம் தாண்டியதும், "பாங்குக்கு முன்னாடி வந்துட்டா நல்லது" என்றார்.

வியாழக்கிழமை பார்க்கில் மறுபடி அதே கூட்டம். வேலாயுதத்தைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார்கள். செல்வராசு ஒரு மரத்தடியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். விஷயம் பள்ளிவாசலுக்கும் எட்டியிருந்தது. மோதினார், அதாவது பாங்கு சொல்பவர், தாமே பார்க்குக்கு வந்தார்.

"ரெண்டு நிமிசம் பொறுத்துச் சொல்லட்டுமாங்க? அந்தப் புள்ளைக்காவ."

"வேணாங்க" என்றார் தடங்கலார். "வக்து நேரத்துக்கே சொல்லுங்க. ரேடியோவுக்காவ அதத் தள்ளி வைக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பாது."

"அப்ப இன்னிக்கு மட்டும் அமத்தாம விட்டுடுங்க. நாங்க ஒன்னும் நெனச்சுக்க மாட்டோம்."

தடங்கலார் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

நிகழ்ச்சி தொடங்கியது. புதுக்கோட்டை நேயர் ஒருவருக்கு வீணை போதவில்லையாம். பதில் சொன்னார்கள். கும்பகோணத்து நேயருக்கு வீணை அதிகமாகிவிட்டதாம். அவருக்கும் பதில் சொன்னார்கள். ஆகாயம் சிவந்துகொண்டே வந்தது. எல்லோர் கண்ணும் ஒருமுறை ஸ்பீக்கரையும் ஒருமுறை பள்ளிவாசலையும் பார்த்தன. கடைசியில், "காரைக்காலிலிருந்து நேரிலேயே வந்து குறைகளைத் தெரிவித்த ஒரு நேயர்..." என்று குரல் வந்தது. கூட்டம் நிமிர்ந்தது. "...அண்மையில் நடந்த நாடகப் போட்டியில், சிறந்த பெண் வேடத்துக்காக..."

பாங்கு எழுந்தது.

ரேடியோ அமர்ந்தது.

அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாங்கு நேரத்தில் கத்துவது எப்படி? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நானா தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். செல்வராசு மரத்தைக் கட்டிக்கொண்டான். தடங்கலார் வழக்கம்போல வாசலுக்கு வந்தார். கை கூப்பினார். அவர் கன்னம் நனைந்திருந்தது.

பாங்கு ஓய்ந்தது. உள்ளே போய் ரேடியோவைப் போட்டார். "...அடுத்த கடிதம் அரியலூரிலிருந்து" என்றது அது.

வேலாயுதம் எழுந்தார். போகப்போகிறார் என்று அக்கா ஓடி வந்தாள். அவர் போகவில்லை. நேரே ரேடியோ அறை வாசலுக்குப் போனார்.

"ஒருதரம் சரியா அந்த நேரத்துல அமந்துச்சுன்னு சொன்னப்ப, என்னைக் கேணயனாக்குறீங்கன்னு நெனச்சேன்" என்றார். "இப்ப எங்கண்ணு முன்னாலயே அமந்துருச்சு. நீங்களே திருச்சி வரைக்கும் போயி வாங்கிட்டு வந்த பேச்ச நீங்களே அமத்திப்புட்டீங்க. நீங்களா எனக்குப் பொய் சொல்லப் போறீங்க? அந்த நெலையத்தான் என்னா சொல்லிருப்பான்னு நீங்களே சொல்லுங்க. உங்க வாயால கேட்டா போதும் எனக்கு."

தடங்கலார் ரேடியோவை அமர்த்திவிட்டு வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கடல் பக்கம் திரும்பி ஒரு தடவை, கோயில் பக்கம் திரும்பி ஒரு தடவை, எங்களைப் பார்த்து ஒரு தடவை, குழாய் ஸ்பீக்கர் தோற்றுப்போகும் குரலில் சொன்னார்: "சிறந்த பெண் வேடத்துக்கு முதல் பரிசு, கருக்களாச்சேரி செல்வராசு."

"கேட்டுக்கிட்டேன்" என்றார் வேலாயுதம். பிறகு மரத்தடியைப் பார்த்து, "மாப்ள, அங்கன நின்னு என்னா மரத்தைக் கட்டிக்கிட்டிருக்க, வா" என்றார்.

வெள்ளிக்கிழமை பூ வைத்தது செல்வராசின் தாயார்தான். அந்த வியாழக்கிழமை இரவு கூட்டம் அவனையும் கோப்பையையும் தூக்கிக்கொண்டு கருக்களாச்சேரிக்குப் போய்விட்டது. பார்க் காலியாகிவிட்டது. தடங்கலார் வழக்கம்போல முக்காலியை வெளியே போட்டு உட்கார்ந்தார். குறை சொல்ல ஒருவரும் வரவில்லை. அவர் இடமும் வலமும் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மடியில் வைத்தார், முழங்காலில் வைத்தார். நான் பார்க் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"இன்னிக்கு ரேடியோவுல சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்படிங்களா? சொல்லிடுறேங்க" என்றார்.

சத்தம் ஒன்றும் கம்மியாக இல்லை. அவரை அப்படிச் சும்மா உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போக எனக்குத்தான் மனசு வரவில்லை.